ஸ்போர்ட்டிங்: தோட்டத் திடலுக்கு வந்த ஒரு பெயரடை



இப்பொழிவுத் தொடரில் நமக்கு முன் பேசிய அறிஞர்கள் இலக்கணம், இலக்கியம், அகராதியியல் எனப் பெரும்பொருள்களை எடுத்துக்கொண்டனர். நாம் இன்று எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு சொல். அதுவும் தமிழ்ச்சொல் அன்று. ஆங்கிலத்திலிருந்து வந்து, நெகிரி செம்பிலான் தோட்டங்களின் திடல்களில் புழங்கி, இன்று நம் பிள்ளைகளின் வாயில் இயல்பாய் வழங்கும் 'ஸ்போர்ட்டிங்' என்னும் பெயரடை. "அவர் ரொம்ப ஸ்போர்ட்டிங்", "ஸ்போர்ட்டிங்கா எடுத்துக்கோ" என்று நாள்தோறும் கேட்கிறோம். இச்சொல்லின் பொருள் யாது, இதனை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பவையே இன்றைய வினாக்கள். இரண்டாம் வினாவைக் கேட்க நமக்கு நெடுங்காலம் ஆயிற்று என்பதையும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறோம்.

1. திடலில் கேட்ட சொல்

நாம் பிறந்து வளர்ந்தது இம்மாநிலத்தின் ரப்பர்த் தோட்டம் ஒன்றில். பெற்றோர் இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். விடியுமுன் பெரட்டு, பின்னர் நிரை, நண்பகலில் பால் நிறுவை, மாலையில் திடல் என்பதே அன்றைய வாழ்க்கையின் ஒழுங்கு. தோட்டத்தில் சொந்தமென ஒரு சாண் நிலமும் இல்லாத மக்களுக்கு, மாலை வேளையில் அத்திடல் மட்டும் தமதாகத் தோன்றியது.

1960களின் பிற்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தோட்டத்தோடு காற்பந்தாட்டம். ஆட்டம் சமநிலையில் இருந்தது. முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, எதிரணியின் கோல்காவலர் தம் அணித்தோழர் ஒருவரோடு மோதி விழுந்து எழ இயலாமற் கிடந்தார். நம் தோட்டத்து அண்ணன் ஒருவரின் காலில் பந்து. எதிரே காவலற்ற கோல். அவர் ஒரு கணம் நின்றார். பிறகு பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டு, விழுந்தவரைத் தூக்கச் சென்றார். ஆட்டம் தொடர்ந்தபோது எதிரணி ஒரு கோல் போட்டு வென்றது.

நாற்காலியில் அமர்ந்திருந்த துரை எழுந்து கைதட்டி, "வெரி ஸ்போர்ட்டிங்!" என்றார். அருகில் நின்ற கிராணி அதனை எல்லாருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொன்னார். மறுநாள் முதல் அந்த அண்ணனுக்கு 'இஸ்போட்டிங் அண்ணன்' என்பதே பெயராயிற்று. ஆனால் அன்றிரவு லயத்தில் பெரியவர்களிடையே வழக்கு எழுந்தது. "கோலு போட வேண்டிய நேரத்துல என்ன விளையாட்டு வேண்டிக்கிடக்கு இவனுக்கு?" என்று ஒருவர் சினந்தார்.

இவ்விரு கூற்றுகளையும் நோக்குங்கள். ஒரே செயலைத் துரை விளையாட்டின் பெயரால் புகழ்ந்தார். பெரியவர் விளையாட்டின் பெயரால் பழித்தார். இம்முரண் தற்செயலானது அன்று. இரு மொழிகளின் சொல்வரலாறே அதற்குள் இருக்கிறது.

2. ஆங்கிலத்தில் இச்சொல் வந்த வழி

'ஸ்போர்ட்' என்பது 'டிஸ்போர்ட்' என்னும் சொல்லின் தலைக்குறை. பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலம் பெற்ற சொல் அது. அதன் இலத்தீன் வேர் 'சுமந்து செல்லுதல்' என்னும் பொருளது. மனத்தைக் கவலையிலிருந்து வேறிடத்துக்குச் சுமந்து செல்வதே முதற்பொருள். பொழுதுபோக்கு, கேளிக்கை, வேடிக்கை ஆகியவை அதன் விரிவுகள். நாம் இன்று கருதும் விதிமுறைப்பட்ட போட்டி விளையாட்டு என்பது மிகப் பிற்காலப் பொருள்.

அதிலிருந்து பிறந்த 'ஸ்போர்ட்டிங்' என்னும் அடைமொழி, பிரிட்டிஷ் மேட்டுக்குடியினரின் வேட்டை, குதிரைப் பந்தயம், சூதாட்டம் ஆகியவற்றோடு நெடுங்காலம் ஒட்டியிருந்தது. வேட்டைக்காரரிடையே ஒரு நெறி வழங்கியது: கிளையில் அமர்ந்திருக்கும் பறவையைச் சுடலாகாது, பறக்கவிட்டே சுட வேண்டும். தப்பிக்க ஒரு வாய்ப்பை எதிரிக்குத் தருவதே 'ஸ்போர்ட்டிங்'. 19-ஆம் நூற்றாண்டில் உயர்குடிப் பள்ளிகளின் விளையாட்டுத் திடல்களில் இப்பொருள் ஓர் அறப்பண்பாக வளர்ந்தது. வெற்றியைத் தன் நேர்மைக்குக் கீழ்ப்படுத்துபவன், தோல்வியை முகஞ்சுளிக்காமல் ஏற்பவன் ஆகிய இருவரையும் இவ்வொரு சொல் குறிக்கலாயிற்று.

இங்கு இலக்கணக் குறிப்பு ஒன்று. ஆங்கிலத்தில் இவ்வடை இரு வகையாய் இயங்குகிறது. விளையாட்டுக் கருவிகளைக் குறிக்கையில் அது வகைப்படுத்தும் அடை. 'மிக' என்னும் பொருளுடைய 'வெரி' அதன்முன் வாராது. ஒருவரது செயலைப் புகழ்கையில் அது பண்புணர்த்தும் அடை; அப்போது 'வெரி' வரும். துரை சொன்னது இரண்டாம் வகை. நம் மொழிக்குள் வந்ததும் அவ்வகை மட்டுமே. விளையாட்டுக் கடையை நாம் 'ஸ்போர்ட்டிங் கடை' என்பதில்லை. மனிதரைத்தான் 'ரொம்ப ஸ்போர்ட்டிங்' என்கிறோம்.

3. தமிழில் விளையாட்டு

தமிழ் மரபு விளையாட்டை இழிவாகக் கருதியது என்று எண்ணிவிட வேண்டா. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உவகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டை வைக்கிறது. உரியியலோ கெடவரல், பண்ணை என்னும் இரு சொற்களுக்கும் விளையாட்டு என்று பொருள் கூறுகிறது. 'பண்ணை' என்றால் இன்று நமக்கு வேளாண் நிலமே நினைவுக்கு வரும். உழைப்பின் இடத்தைக் குறிக்கும் அச்சொல் ஒரு காலத்தில் விளையாட்டையும் குறித்தது என்பது, தோட்டத்தில் பிறந்த நமக்குத் தனி இன்பம் தருகிறது. இறைவனின் செயல்களையே திருவிளையாடல் என்று போற்றும் மரபும் நம்முடையது.

ஆயினும் 'விளையாட்டு' என்னும் பெயர் அடையாக மாறும்போது அதன் நிறம் மாறிவிடுகிறது. 'விளையாட்டுத் திடல்', 'விளையாட்டு விழா' என்னும் தொகைகளில் அது வகைப்படுத்துகிறது. அங்கே குறையேதும் இல்லை. பண்புணர்த்த வந்தால், 'விளையாட்டான பேச்சு', 'விளையாட்டுத்தனம்', 'விளையாட்டுப் புத்தி' ஆகிய அனைத்தும் பொறுப்பின்மையைச் சுட்டுகின்றன. 'விளையாட்டாகச் சொன்னேன்' என்றால் 'பொருட்படுத்த வேண்டா' என்பதே கருத்து.

ஆகவே ஆங்கில அடையின் புகழ்ப்பொருளைத் தாங்க, 'விளையாட்டு' என்னும் அடியிலிருந்து தமிழில் ஒரு பெயரடை கிடைக்கவில்லை. இவ்வெற்றிடத்தில்தான் கடன்சொல் வந்து அமர்ந்தது. ஒரு மொழி சோம்பலினால் மட்டுமே கடன் வாங்குகிறது என்பது தவறான கருத்து. பல வேளைகளில் இடம் காலியாக இருப்பதனாலேயே வாங்குகிறது.

4. ஒலியும் வடிவும்

நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெரும்பாலும் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பின் விளைவாய்ப் பெருகியவை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டும் என்பது அச்சட்டம் விதித்த கடமை. அப்பள்ளிகளில் ஆங்கிலம் மிகக் குறைவு. எனவே இச்சொல் நூல்வழி வரவில்லை; துரையின் வாயிலிருந்து கிராணியின் வாய்க்கும், அங்கிருந்து லயத்துக்கும் செவிவழி வந்தது. ஏறக்குறைய, அதிகாரம் இறங்கி வரும் அதே படிக்கட்டு வழியாகவே சொல்லும் இறங்கி வந்தது எனலாம்.

வந்த சொல்லை மக்கள் தம் ஒலிமரபுக்கு ஏற்ப மாற்றினர். சொல்முதல் மெய்ம்மயக்கம் தமிழுக்கு இயல்பன்று. ஆதலின் 'இஸ்கூல்', 'இஸ்டோர்' போல 'இஸ்போட்டிங்' ஆயிற்று. ரகர, லகர, யகரங்களை முதலாகக் கொண்ட வடசொற்கள் தமிழில் வழங்கும்போது முன்னே உயிரெழுத்துப் பெறும் என நன்னூல் விதிக்கிறது. நன்னூலை அறியாத நம் பாட்டிமாரும் அந்நூல் கண்ட நெறியைப் பின்பற்றியே புதுச்சொல்லுக்கு முன் ஓர் இகரத்தைச் சேர்த்தனர். இலக்கணம் என்பது நூலில் மட்டும் இருப்பதன்று என்பதற்கு இது நல்ல சான்று.

வடிவத்தில் 'ஆன', 'ஆக' என்னும் உருபுகள் சேர்ந்து 'ஸ்போர்ட்டிங்கான ஆள்', 'ஸ்போர்ட்டிங்கா இரு' என அமைந்தன. உருபின்றியே பயனிலையாகவும் வரும்: 'அவர் ஸ்போர்ட்டிங்'. மலாய்ப் பேச்சுவழக்கிலும் இதே சொல், எளிதில் பழகுபவர், கூட்டத்தோடு சேர்ந்துகொள்பவர் என்னும் பொருளில் பரவலாய் வழங்குகிறது. இரு மொழி பேசுவோரும் ஒரே திடலில் ஆடியவர்கள் ஆதலின், இப்பொருள் ஒன்றையொன்று வலுப்படுத்தியிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதே இடத்தில் வேறொரு சொல் வழங்குவதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். அங்கே 'ஸ்போர்ட்டிவா எடுத்துக்கோங்க' என்பர். ஆங்கிலத்தில் 'ஸ்போர்ட்டிவ்' என்பதற்குத் துள்ளல் மிக்க, குறும்பான என்பவையே முதன்மைப் பொருள். ஓர் அடிச்சொல்லிலிருந்து பிறந்த இரு பெயரடைகளுள் தமிழகத்தார் ஒன்றையும் மலேசியத் தமிழர் மற்றொன்றையும் எடுத்து, ஏறக்குறைய ஒரே வேலைக்கு அமர்த்தியுள்ளனர். எவரும் பிழை செய்யவில்லை. இரு நிலங்களில் இரு வழக்கு.

5. எதிர்ச்சொல் காட்டும் உண்மை

சொல்லின் பொருளைத் துல்லியமாய் அறிய விரும்பினால் அதன் எதிர்ச்சொல்லை ஆராய வேண்டும் என்பது பொருண்மையியலின் எளிய பாடம்.

ஆங்கிலத்தில் இதன் எதிர்மறை கடுமையான குற்றச்சாட்டு. 1932-33-இல் ஆஸ்திரேலியா சென்ற இங்கிலாந்துக் கிரிக்கெட் அணி, மட்டையாளரின் உடலை நோக்கிப் பந்தெறியும் உத்தியைக் கையாண்டது. 1933 சனவரியில் அடிலெய்டு ஆட்டத்தின்போது ஆஸ்திரேலிய வாரியம் இலண்டனுக்கு அனுப்பிய தந்தியில், இச்செயல் விளையாட்டு வீரர்க்குரிய பண்பற்றது என்னும் பொருளுடைய ஒற்றைப் பெயரடையை எழுதியது. அவ்வொரு சொல்லால் இரு நாடுகளின் உறவே கசந்தது. சொல்லைத் திரும்பப் பெற வேண்டும் என்று இலண்டன் வற்புறுத்த, ஆஸ்திரேலிய வாரியம் இறுதியில் இறங்கி வந்தது.

இதன் பின்கதை நமக்கு இன்னும் முக்கியமானது. உத்தியை வகுத்தவர் அணித்தலைவர் டக்ளஸ் ஜார்டின்; பம்பாயில் பிறந்த உயர்குடியினர். பந்தெறிந்தவர் ஹரால்டு லார்வுட். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். பின்னர் மன்னிப்புக் கேட்கும்படி சொல்லப்பட்டவர் லார்வுட். தலைவரின் ஆணைப்படியே எறிந்தேன் என்று அவர் மறுத்தார். அதன்பின் இங்கிலாந்து அணிக்கு அவர் ஒருபோதும் ஆடவில்லை. ஊதியம் பெறாத 'கனவான்கள்', ஊதியம் பெறும் 'ஆட்டக்காரர்கள்' என்னும் பிரிவினை அந்நாட்டுக் கிரிக்கெட்டில் 1962 வரை நீடித்தது. பெருந்தன்மையின் சொல்லை யார் வைத்திருந்தார்கள், அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

இனி நம் வழக்குக்கு வருவோம். நம் பேச்சில் 'அன்ஸ்போர்ட்டிங்' என்னும் எதிர்ச்சொல் வேரூன்றவில்லை. 'ஸ்போர்ட்டிங்கே இல்ல' என்கிறோம். யாரை அவ்வாறு சொல்கிறோம்? கேலியைப் பொறுக்காதவரை, கூட்டத்தோடு சேராதவரை, முறையிடுபவரை. ஆங்கிலத்தில் எதிர்மறை, விதியை மீறிய வலியவரைக் குற்றஞ்சாட்டியது. நம்மிடம் அது, வலிக்கிறது என்று சொன்னவரைக் குற்றஞ்சாட்டுகிறது. சொல் கடல் கடந்து வந்தபோது அதன் கூர்முனை திரும்பிவிட்டது.

அதற்காக முதற்பொருள் நம்மிடம் முற்றும் மறைந்துவிடவில்லை. 2010 திசம்பரில் புக்கிட் ஜாலில் திடலில் மலேசியாவும் இந்தோனேசியாவும் மோதிய ஆசியான் இறுதியாட்டத்தின் முதற்சுற்றில், பார்வையாளர் கூட்டத்திலிருந்து பாய்ந்த லேசர் ஒளிக்கற்றைகளால் ஆட்டம் சிறிதுநேரம் நின்றது. கே. இராஜகோபால் பயிற்றுவித்த நம் அணி மூன்று கோல்களால் வென்று, பின்னர்க் கோப்பையையும் கைப்பற்றியது. அவ்வெற்றியில் பெருமை கொண்டவாறே அவ்வொளிக்கற்றைகளுக்காக நாணுவதற்கு நமக்கு ஒரு சொல் வேண்டும். அச்சொல் வலியவர், வென்றவர், கூட்டமாய் இருப்பவர் ஆகியோரை நோக்கிக் கேள்வி கேட்பதாய் இருக்க வேண்டும்.

6. பெரட்டில் கேட்ட சொல்

1980களின் இறுதியில் நம் தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டது. அக்காலத்தில் தோட்டப்புற ஆய்வுக்காகக் குறிப்பேடும் ஒலிப்பதிவுக் கருவியுமாய் நாம் அடிக்கடி ஊருக்குச் சென்றுகொண்டிருந்தோம். ஒரு நாள் காலைப் பெரட்டில் புதிய உரிமையாளரின் சார்பாளர் ஒருவர் வந்து நின்று, வீடுகளைக் காலி செய்ய வேண்டிய நாளை அறிவித்தார். இனிமையாகப் பேசக்கூடியவர், நம் மொழியினரே. இறுதியில், "எல்லாரும் கொஞ்சம் ஸ்போர்ட்டிங்கா இருங்க" என்றார்.

1980-ஆம் ஆண்டின் ஆட்குறைப்பு இழப்பீட்டு விதிமுறைகளின்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவர்க்கு ஆண்டொன்றுக்கு இருபது நாள் ஊதியம். இருபத்தைந்து ஆண்டு உழைத்தவர்க்கு ஐந்நூறு நாள் ஊதியம் வரும். ஆனால் அக்கணக்கில் வீடு இல்லை. வேலை இருக்கும் வரையில்தான் லயத்து வீடு. வேலை போனால் கூரையும் போயிற்று. கோயிலும் பள்ளியும் திடலும் எந்த வாய்பாட்டிலும் அடங்கவில்லை.

கூட்டத்தில் நின்றவர்களுள் நம் 'இஸ்போட்டிங் அண்ணனும்' ஒருவர். அப்போது அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. அவர் குரலை உயர்த்தவில்லை. "ஐயா, அன்னைக்குப் பந்து என் கால்ல இருந்துச்சு. அதனால விட்டுக் கொடுத்தேன். இன்னைக்குப் பந்து யார் கால்ல இருக்கு?" என்று கேட்டார். சார்பாளர் விடை சொல்லவில்லை. பெரட்டு கலைந்தது. சில மாதங்களில் தோட்டமும் கலைந்தது. அண்ணன் சிரம்பான் புறநகரில் மகன் வீட்டில் வாழ்ந்து மறைந்தார்.

அன்று மாலை நம் குறிப்பேட்டில் இச்சொல்லுக்கு நேரே 'நல்ல மனம் உடைய, பொறுமையான' என்று பொருள் எழுதினோம். முனைவர் பட்டம் பெற்றிருந்த நாம் எழுதிய அப்பொருள் பிழை. பல்லாண்டு கழித்து ஒலிநாடாவை மீண்டும் கேட்டபோதுதான், பொருள்விளக்கத்தை அண்ணனே தந்துவிட்டார் என்பது புரிந்தது. இச்சொல்லுக்குப் பொருள் உண்டாக ஒரு முன்நிபந்தனை வேண்டும்: பந்து உன் காலில் இருக்க வேண்டும். வெல்லக்கூடியவன் விட்டுக்கொடுப்பதே 'ஸ்போர்ட்டிங்'. வேறு வழியில்லாதவன் தாங்கிக்கொள்வது அதுவன்று. அதற்குத் தமிழில் வேறு பெயர்கள் உண்டு. அவற்றுள் எதுவும் புகழுரை அன்று.

7. வகுப்பறைக்குச் சில கருத்துகள்

ஆசிரியர்களுக்கு நம் வேண்டுகோள் இதுதான். மாணவர் கட்டுரையில் இச்சொல் வந்தால் சிவப்பு மையால் அடித்துவிட்டு, 'விளையாட்டுணர்வு' என்று எழுதிவிடுவதோடு நின்றுவிடாதீர்கள். முதலில் சூழலைக் கேளுங்கள். எதிரிக்கு வாய்ப்பளித்தவரைக் குறித்தால் 'பெருந்தன்மையுள்ளவர்' எனலாம். விதி வழுவாதவர் என்றால் 'ஆட்டநேர்மை உடையவர்'. தோல்வியை மகிழ்வோடு ஏற்பவர் என்றால் அதனையே விரித்து எழுதலாம். எல்லாரோடும் கலந்து பழகுபவர் என்றால் 'கலகலப்பானவர்', 'இணக்கமானவர்'. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று பட்டியலிடுவதால் மாணவர் சிந்திப்பதில்லை. இந்நான்கனுள் எது என்று தேர்ந்தெடுக்கும்போதுதான் சிந்திக்கிறார்.

மாணவர்களே, இச்சொல்லை யாரேனும் உங்களிடம் சொல்லும்போது மூன்று வினாக்களை மனத்துக்குள் கேளுங்கள். சொல்பவர் யார்? விட்டுக்கொடுக்கும்படி கேட்கப்படுபவர் யார்? பந்து யார் காலில் இருக்கிறது? உடன்படிக்கும் ஒருவரை அவர் நிறத்தையோ வீட்டையோ சொல்லிக் கேலி செய்துவிட்டு, அவர் முகம் வாடியதும் "நீ ஸ்போர்ட்டிங்கே இல்ல" என்று சொன்னால், பிழை அவரிடம் இல்லை. சொன்னவரிடம் இருக்கிறது.

சொற்களை வெளியே தள்ளுவது மட்டுமே மொழிக்காவல் ஆகாது. வந்த சொல் எதனைச் சுமந்து வந்தது, இங்கே வந்து எதனைச் சுமக்கிறது என்று கேட்பதும் மொழிக்காவலே. 1948-இலும் 2009-இலும் 2011-இலும் நெகிரி செம்பிலான் மலேசியக் கிண்ணத்தை வென்றதை இம்மாநிலம் நினைவில் வைத்திருக்கிறது. எந்த ஏட்டிலும் பதிவாகாத ஒரு தோட்டத்து ஆட்டத்தில் போடாமல் விடப்பட்ட ஒரு கோலையும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அத்திடல் இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள் நிற்கின்றன. அண்ணன் கேட்ட வினாவை உங்களிடம் ஒப்படைத்து அமைகிறோம்.